அடுத்த தெரு: வேளச்சேரியில் வீடு வாங்குவது குறித்து ஒரு முன்னாய்வு

முன்னுரை

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட, பதினெட்டு வயதான ஃபிளாட் ஒன்றை வாங்கலாமா கூடாதா என்பதே இவ்வாய்வின் சிக்கல். இப்பொருளில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்திருக்கலாம், ஆனால் எல்லா ஆய்வேட்டிலும் முதல் பக்கத்தில் இந்த வரி இருக்கிறது, நான் மட்டும் விட்டால் நன்றாக இருக்காது.

ஆய்வு எல்லை: வடக்கே குருநானக் கல்லூரி, கிழக்கே தரமணி, தெற்கே கைவேலி, மேற்கே வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போகும் ஏப்ரல் மாதம்.

நெறியாளர்: என் அக்கா. இருபது வருஷமாக வேளச்சேரியில் சொந்த வீடு. தம்பியும் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது அவருடைய கருதுகோள். நெறியாளரின் கருதுகோளை நிறுவிக் கொடுப்பதுதான் ஆய்வாளரின் கடமை என்பது பல்கலைக்கழகங்களில் எழுதப்படாத விதி.

மேற்கோள்கள் பற்றி ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் வாடகை வீடுகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். அமர்வுத் தலைவர் கண்ணைத் திறந்து, "மேற்கோள் போதாது" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அந்தக் குறை இங்கே வட்டியும் முதலுமாகத் தீர்க்கப்படுகிறது.

இயல் 1: ஊர்ப்பெயர்

வேள்விகள் நடந்ததால் வேள்விச்சேரி என்பர் ஒருசாரார். வேதங்கள் வந்து வழிபட்டதால் வேதச்சேரி என்று தண்டீஸ்வரர் கோயிலைக் காட்டுவர் இன்னொரு சாரார். அதே கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு வெளிச்சேரி என்கிறது. மூன்றையும் இந்த ஆய்வாளர் பணிவுடன் மறுக்கிறார்.

பழைய கல்வெட்டுகளில் புள்ளி வைக்கும் வழக்கம் அருகியே இருந்தது. வெகரத்தையும் வேகாரத்தையும் எழுத்தில் பிரித்தறிய முடியாது. அந்தச் சிக்கலை எழுத்துச் சீர்திருத்தத்தால் தீர்த்தவராக வீரமாமுனிவரைச் சொல்வார்கள். எனவே ‘வே’ என்பதை ‘வெ’ என்றும் வாசிக்கலாம். இடையில் ஒரு ளகரம் குறைகிறது. கல்தச்சன் கைதவறி விட்டிருப்பான், அல்லது அது வெள்ளத்தில் போயிருக்கும். அதைத் திருப்பி வைத்தால் கிடைப்பது வெள்ளச்சேரி. இதைவிட மெல்லிய நூலில் தொங்கும் சொல்லாராய்ச்சிகள் பட்டம் வாங்கி, பதவி உயர்வும் வாங்கி, ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. (காண்க: இஸ்திரிக்காரர், வாய்மொழி. "வெள்ளச்சேரின்னே எழுதலாம் சார், போர்டுக்காரனுக்குக் கூலி ஒண்ணுதான்.")

இயல் 2: வாஸ்து

தென்மேற்கில் பாத்ரூம். இயல் முற்றிற்று.

இயல் 3: மாற்றம்

வயலும் ஏரியுமாக இருந்த ஊர். 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வந்தது. ஐ.டி. வந்தது, மால் வந்தது, விஜயநகர் சந்திப்பில் இரண்டடுக்கு மேம்பாலம் ஒரு கையை 2021இலும் இன்னொரு கையை 2022இலும் நீட்டியது. தனி வீடுகள் ஒவ்வொன்றாக பில்டர் கைக்குப் போகின்றன. தென்னை மரம் நின்ற இடத்தில் லிஃப்ட் நிற்கிறது.

இங்கே இலக்கணக் குறிப்பு ஒன்று அவசியம். புரோக்கர் தமிழில் ‘வரப்போகுது’ என்பது நிகழ்காலம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் ரயில் பாதை வேலை 2008இல் தொடங்கி, கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காகப் பல வருஷம் அந்தரத்தில் நின்றது. தூண்கள் முளைத்து, தண்டவாளம் வந்து, பாதை வெட்டவெளியில் முடிந்தது. அந்த வெட்டவெளியைக் காட்டி விற்ற வீடுகளில் குழந்தை பிறந்து, பள்ளி முடித்து, கல்லூரிக்கே போய்விட்டது. போனது பஸ்ஸில். (காண்க: புரோக்கர், பைக் பின்சீட் உரைகள், முதல் சிக்னல். இரண்டாம் சிக்னல் உரை, ஹெல்மெட் காரணமாகச் சிதைந்துள்ளது.)

இயல் 4: சதுர அடி

விளம்பரத்தில் இருப்பது சூப்பர் பில்ட்அப் ஏரியா. அதில் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா, வாட்ச்மேன் நாற்காலி போடும் இடம் எல்லாம் அடக்கம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்றால் எது என்று வரையறுத்தது. வீடு அதன்படி குறைந்தது, விலை குறையவில்லை.

இதைவிடக் கவனிக்கத்தக்கது யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத பங்கு. அடுக்குமாடியில் நாம் குடியிருப்பது நான்கு சுவருக்கு நடுவிலுள்ள காற்றில். பத்திரத்தில் எழுதுவதோ அடியிலுள்ள மண்ணில் ஒரு பங்கை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் எட்டு வீடு என்றால் தலைக்கு 300. எந்த 300 என்று மட்டும் கேட்கக்கூடாது. மாமரத்தடியாகவும் இருக்கலாம், செப்டிக் டேங்க் மேலாகவும் இருக்கலாம். அத்வைதத்துக்கு இவ்வளவு நெருக்கமாக வரும் ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேறில்லை.

பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கூடுதல்தான். ஆனாலும் சார்பதிவாளரிடம் பதிவுக் கட்டணம் கட்டினால் ஒரு வீடாவது மிஞ்சும். பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டினால் சாம்பார் சாதமும் ஐ.எஸ்.பி.என். எண்ணும்தான் மிஞ்சும்.

இயல் 5: அடுத்த தெரு

மற்ற இயல்கள் யாவும் இந்த இயலுக்கு வாசற்படி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே தண்ணீர் வந்ததா என்ற ஒரே கேள்வியுடன் கள ஆய்வு தொடங்கியது. முதல் தெருவில் பனியனோடு செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மடக்கிப் பிடித்தார். "இங்கயா? சேச்சே. அடுத்த தெரு வரைக்கும்தான் வந்துச்சு." அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "எங்க தெரு மேடாச்சே, அடுத்த தெருதான் பள்ளம்" என்றார். மூன்றாம் தெரு நான்காம் தெருவைக் காட்டியது. நான்காம் தெரு வலது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன். செம்பருத்தி.

ஆக, 2015இல் வேளச்சேரியில் வெள்ளம் வந்தது என்பதற்கு வேளச்சேரிக்குள் சான்று கிடைக்கவில்லை. படகு ஓடியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எந்தத் தெருவில் ஓடியது என்பது மேலாய்வுக்குரியது. ‘அடுத்த தெரு’ என்பது நிலப்பகுதி அன்று, தொடுவானம் போன்ற ஒன்று என்பது இந்த ஆய்வாளரின் துணிபு. (காண்க: இஸ்திரிக்காரர், மேலது, மூன்றாம் சட்டை. நான்காம் சட்டையில் இக்கருத்தை அவரே மறுத்து, அது பின்தெரு என்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து போனதால் பாடபேதம் நேர்ந்திருக்கலாம்.)

ஏரியையே கேட்டுவிடுவோம் என்று கரைக்குப் போனேன். ஒரு பெரியவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த வருஷம் ஏரி நிரம்பிச்சா பெரியவரே?"

"ஏரியில எங்க நின்னுச்சு? எல்லாம் தெருவுக்குல்ல போயிருச்சு. நீங்க எங்க வீடு பார்க்கறீங்க?"

சொன்னேன். தக்கையைப் பார்த்துக்கொண்டே, "அங்க அப்ப நல்ல விரால் வந்துச்சு" என்றார்.

இவ்வாய்வில் மீன் இனத்தின் பெயரோடு கிடைத்த ஒரே தரவு இது.

வாய்மொழி வழுக்குவதால் தொல்பொருள் சான்றுகளை நாடவேண்டியதாயிற்று. கீழடிக்குப் போக வேண்டியதில்லை; எந்தப் பழைய வீட்டு வாசலிலும் நின்று குனிந்து பார்த்தால் போதும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சாலை வளர்ந்துகொண்டே போகிறது. வீடு அதே இடத்தில் நிற்கிறது. கட்டியபோது மூன்று படி ஏறி உள்ளே போனவர்கள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். படிகளை எண்ணினால் வீட்டின் காலம் தெரியும், தார் அடுக்குகளை எண்ணினால் தேர்தல்களின் எண்ணிக்கை தெரியும். வசதியுள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்து மூன்று, நான்கு அடி தூக்கிக்கொள்கிறார்கள். தூக்கிய வீட்டுக்காரர் சொன்னார்: "தண்ணிக்காக இல்லீங்க. காத்தோட்டத்துக்கு."

அடுத்த சான்று ஸ்விட்ச் போர்டு. நான் பார்த்த தரைத்தள வீடு ஒன்றில் பிளக் பாயின்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. மிக்ஸி பரண்மேல். ஃபிரிட்ஜ் இரண்டரை அடி சிமென்ட் மேடைமேல், கர்ப்பகிருகத்தில் மூலவர் போல நின்றது. சுவரில் இடுப்பு வரை அழுத்தமான பச்சை, அதற்கு மேல் வெளிர் பச்சை. இரண்டும் சேரும் இடம் கோடு போட்டாற்போல நேராக இல்லை. லேசாக அலை அடித்தது. டேப்பை வைத்து அளந்தேன். மூன்று அடி நான்கு அங்குலம்.

"டூ-டோன் சார். இப்ப இதான் டிரெண்ட்" என்றார் புரோக்கர்.

இதற்கிடையில் 2024 அக்டோபர். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றுகொண்டன. பத்திரிகைகளெல்லாம் படம் போட்டன. தண்ணீர் அடுத்த தெருவுக்குத்தானே வரும், இந்தத் தெருக் கார் ஏன் பாலம் ஏறியது? செம்பருத்திக்காரரைக் கேட்டேன். "அடுத்த தெருக்காரர் தனியா நிறுத்தினார். துணைக்கு நானும் நிறுத்தினேன்" என்றார். (காண்க: மூன்றாம் மாடி மாமி, பால்கனிப் பதிப்பு, மூன்று பாகங்கள், காய்கறிக் கூடையைக் கயிற்றில் இறக்கும் நேரத்தில் அருளியவை. நான்காம் பாகம் பூக்கார அம்மாவின் கைவசம் இருக்கிறது. மாமி பழைய பாக்கியைத் தீர்க்கும்வரை அவர் அதை வெளியிடுவதாக இல்லை. மாமியின் பாடத்துக்கு வாட்ச்மேன் எழுதிய உரை ஒன்றும் உண்டு: கேட் பக்கத்து ரிஜிஸ்டரில் ‘வந்த நேரம்’, ‘போன நேரம்’ என்ற இரு பத்திகளில், தண்ணீரையும் ஒரு விருந்தாளியாகப் பதிந்திருக்கிறார். ‘யாரைப் பார்க்க’ என்ற பத்தியில் ‘எல்லாரையும்’ என்றிருக்கிறது.)

உண்மையில் இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆதம்பாக்கத்திலிருந்து வீராங்கால் ஓடை வழியாகத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. போகும் வழியில் நாம் வரவேற்பறை கட்டி வைத்திருக்கிறோம், அதுவும் வந்து உட்காருகிறது. 2015இல் படகு வந்த அதே தெருவில் 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றார்கள். இதைச் சொல்ல ஆய்வேடு வேண்டாம். ஆய்வேடு வேண்டியது, யார் எவ்வளவு சொல்கிறார்கள் என்பதற்கு.

சொந்தக்காரர்கள் அடுத்த தெரு என்றார்கள். வாடகைக்காரர்களைக் கேட்டேன். குடும்பஸ்தர்கள் இடுப்பு என்றார்கள். ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்த பையன்கள், "நெஞ்சு வரைக்கும் ப்ரோ" என்றார்கள். 2015இல் அவர்கள் ஐந்தாம் வகுப்பு என்பதால் அதில் சிறு கழிவு கொடுக்க வேண்டும். லீசுக்கு இருப்பவர் இரண்டுக்கும் நடுவில், தொடையில் நின்றார். ஃபிளாட்டை விற்றுவிட்டு மேடவாக்கம் போய்விட்ட ஒருவர் மட்டும் முதல் மாடிக்கே வந்தது என்றார். இவற்றிலிருந்து பின்வரும் விதி பெறப்படுகிறது:

ஒருவர் கூறும் வெள்ளத்தின் அளவு, அவ்வூர் மண்ணில் அவருக்குள்ள பிரிக்கப்படாத பங்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும்.

இவ்விதிப்படி பங்கு பூஜ்யமானால் வெள்ளம் முடிவிலியாக வேண்டும். பையன்கள் நெஞ்சோடு நிறுத்திக்கொண்டது இளைஞர்களின் தன்னடக்கம்.

இயல் 6: ஆய்வாளரின் சாட்சியம்

ஆய்வு நேர்மை கருதி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த டிசம்பரில் இந்த ஆய்வாளரும் வேளச்சேரியில்தான் இருந்தார். தரைத்தளம், வாடகை. ராத்திரி கட்டிலுக்கடியில் ஏதோ முட்டுகிற சத்தம் கேட்டு டார்ச் அடித்தால், என் இடது செருப்பு அறைக்குள்ளேயே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. விடிவதற்குள் புத்தக அலமாரியின் கீழ் மூன்று தட்டும் போயின. லெக்சிகன் தொகுதிகள் ஊதிப் புட்டு மாதிரி ஆகி, அலமாரியை விட்டு வெளியே வர மறுத்தன. மரச் சட்டத்தை அறுத்துத்தான் எடுத்தேன். தண்ணீர் இடுப்பளவு. அன்றிலிருந்து கல்யாண வீடு, காது குத்து, ரயில் பயணம் எங்கே பேச்சு வந்தாலும் இடுப்பளவு என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கையை இடுப்பில் வைத்துக் காட்டியும் இருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துச் சரி என்றபின், டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரம் கொடுத்தேன். இரண்டாவது மாடி. அன்று ராத்திரி அக்கா வீட்டில் சாப்பாடு. இலையில் உட்காரும்போது திருச்சியிலிருந்து மாமா போன்.

"வேளச்சேரியிலயா வாங்கறே? அங்க தண்ணி வருமாமேப்பா. அந்த வருஷம் நீகூட மாட்டிக்கிட்டியே, எவ்வளவு வந்துச்சு?"

"அதெல்லாம் ரொம்ப இல்ல மாமா. முட்டி இருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இடுப்புக்கும் முட்டிக்கும் ஒன்றரை அடி. பத்தாயிரம் ரூபாய்க்கு ஒன்றரை அடி வடிந்திருக்கிறது; பத்திரப் பதிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

அக்கா ரசக் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கையால் மூடச் சொல்லிச் சைகை காட்டினார். மூடினேன்.

"முட்டின்னு ஏன்டா சொல்றே? அடுத்த தெருன்னு சொல்லு."