லக்கேஜை எண்ணக் கூடாதாம்

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைக் கும்பிட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதில் ரென் என்பவர் யார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. பி.சி. ரென், இந்தியக் கல்வித் துறையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். பாலைவனம், பிரெஞ்சுப் பட்டாளம், துப்பாக்கிச் சண்டை எல்லாம் உண்டு. ஹாலிவுட்டில் படமாகவும் வந்தது. இவ்வளவு விறுவிறுப்பாக எழுதத் தெரிந்த மனிதர், நமக்கு எழுதும்போது மட்டும் ஏன் நவுனில் இறங்கினார் என்பது என் தீராத மனக்குறை.

அக்கா மகன் ஆறாம் வகுப்பு. பரீட்சை வந்துவிட்டால், "மாமாகிட்ட கேட்டுக்கோடா" என்று என்னிடம் தள்ளிவிட்டு அக்கா சீரியலில் உட்கார்ந்துவிடுவாள். ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என்று ஐந்தையும் பையன் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். உதாரணம் கேட்டால்தான் வம்பு.

"ஒரே ஒரு ஆளுக்கோ ஊருக்கோ வைத்த பெயர் ப்ராப்பர் நவுன். மதுரை, வைகை, காந்தி. ஊர், ஆறு, தலைவர் என்று பொதுவாகச் சொன்னால் காமன் நவுன்" என்றேன்.

"அப்ப ஜெராக்ஸ்?"

அது அமெரிக்கக் கம்பெனியின் பெயர். 1959-ல் 914 என்ற மாடலைக் கொண்டுவந்து ஆபீஸ்களை எல்லாம் நகலெடுக்க வைத்தார்கள். சட்டப்படி ப்ராப்பர் நவுன்தான். ஆனால் எங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் ஓடுவதெல்லாம் ஜப்பான் மிஷின். போர்டில் மட்டும் ஜெராக்ஸ். "ரேஷன் கார்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்று கிளார்க் சொன்ன நிமிஷமே அது காமன் நவுன் ஆகிவிடுகிறது. டால்டாவும் அப்படித்தான். உள்ளூர்ப் பட்டறையில் அடித்த எங்கள் வீட்டுப் பீரோவை அம்மா இன்றைக்கும் கோத்ரெஜ் என்றுதான் சொல்கிறாள்.

கலெக்டிவ் நவுன் சுவாரஸ்யமான விஷயம். 1486-ல் இங்கிலாந்தில் 'செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம்' என்று ஒன்று அச்சானது. வேட்டைக்குப் போகும் கனவான்கள் நாலு பேர் முன்னால் தப்பாகப் பேசிவிடக் கூடாதே என்று, எந்தக் கூட்டத்துக்கு என்ன பெயர் என்று அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சிங்கங்கள் என்றால் 'ப்ரைடு'. வானம்பாடிகள் என்றால் 'எக்ஸால்டேஷன்'. அதோடு விட்டிருக்கலாம். கன்னியாஸ்திரிகளுக்கு 'சூப்பர்ஃப்ளூயிட்டி'! அதாவது, தேவைக்கு மேல் மிஞ்சிப்போனவர்கள். கான்வென்ட்டில் படித்தவர்கள் இதை மதர் காதில் போட வேண்டாம்.

மெட்டீரியல் நவுன் தங்கம், வெள்ளி, அரிசி. விலையைப் பேசினால் வயிறெரியும் என்பதால் அடுத்த பாடத்துக்குப் போனோம்.

"கண்ணால பாக்க முடியாது, தொட முடியாது. அதான் அப்ஸ்ட்ராக்ட். அன்பு, பொறுமை, நேர்மை" என்றேன்.

பையன் ஸ்விட்ச் போர்டைப் பார்த்தான். "கரண்ட்?"

"தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்லாதடா பாவி!" என்று அடுப்படியிலிருந்து அம்மா அலறினாள்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது அன்கவுண்டபிள் பட்டியலைப் பார்த்தால்தான். மணி, எண்ண முடியாததாம். பேங்க்கில் அதை எண்ணவே ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். ரூபாயை எண்ணலாமாம், மணியை எண்ணக் கூடாதாம். ஃபர்னிச்சரும் எண்ண முடியாது. பந்தல்காரர் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் நாற்காலி ஒன்று குறைகிறது என்று வந்து நிற்பாரே, அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். லக்கேஜும் அதே ரகம். எழும்பூர் ஸ்டேஷன் போர்ட்டர் உருப்படி உருப்படியாக எண்ணித்தான் கூலி கேட்பார். ரென் வந்து நின்றாலும் பைசா குறைய மாட்டார்.

அட்வைஸும் அன்கவுண்டபிள், கடைசியில் எஸ் போடாதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். பரீட்சைத் தாள் வந்தது. 'மை அங்கிள் கேவ் மீ மெனி அட்வைசஸ்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழித்து ஒரு மார்க் போயிருந்தது.

"ஏண்டா, எத்தனை தடவை சொன்னேன்?"

"அதான் மாமா, எத்தனை தடவை சொன்னீங்க! அப்ப நிறையத்தானே?"