பேரனைக் கேலி செய்யலாமா?

கேள்வி: பொங்கலுக்குக் குடும்பமே ஊரில் கூடுகிறது. அரும்பு மீசையோடு வந்து இறங்கும் பேரனைக் கேலி செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை. ‘பாவம், விட்டுடுங்க அத்தை’ என்கிறாள் மருமகள். விட்டுவிட வேண்டுமா?

– வாசகி, கும்பகோணம்

பதில்: விடவே விடாதீர்கள்! அப்பா கேலி செய்தால் பின்னாலேயே மார்க் பேச்சு வரும். பாட்டி கேலி செய்தால் பின்னாலேயே முறுக்கு வரும். பயலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே இந்தக் கேலி உறவு பல சமூகங்களில் இருப்பதை, 1940-இல் எழுதிய கட்டுரையிலேயே மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் குறிப்பிட்டிருக்கிறார். கண்டித்து வளர்க்கும் சுமை பெற்றோருக்கு; கொஞ்சிச் சீண்டும் சுகம் உங்களுக்கு.

நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத அந்தக் காலப் பாட்டிகள், பேரனை ‘பெரியவரே’ என்று கூப்பிட்டு, தாத்தாவிடம் கேட்க முடியாத கேள்வியையெல்லாம் அவனிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். திண்ணையில் இருந்த தாத்தாவுக்கும் அது காதில் விழுந்தது!

மீசை, பகல் பத்து மணித் தூக்கம், கையைவிட்டு இறங்காத செல்போன் எல்லாவற்றையும் கேலி செய்யுங்கள். நிறம், உடம்பு, மார்க், அத்தை பிள்ளையோடு ஒப்பீடு மட்டும் வேண்டாம், அவை வலிக்கும். உங்கள் வாட்ஸ்அப் ‘காலை வணக்கம்’ படங்களை அவன் திருப்பிக் கேலி செய்தால் மனசாரச் சிரியுங்கள். திருப்பிக் கொடுக்க இடம் இருந்தால்தான் அது கேலி. அந்த உரிமையை முதலில் அவனுக்குக் கொடுங்கள். அடுத்த பொங்கலுக்கு அவனே முதல் பஸ் பிடித்து வருவான்.