சட்டம் வேணுமாடா மாப்ள?

வா மாப்ள, உக்காரு. சட்டம் போட்டா எல்லாம் சரியாயிரும்னு நேத்து டீக்கடையில நெஞ்சைத் தட்டிப் பேசுனியாமே. படிச்ச புள்ள, பேச வேண்டியதுதான். ரம்மிச் சட்டம் வந்த கதையை மட்டும் கேட்டுட்டுப் போ.

போன்ல ரம்மி ஆடி சம்பளத்தைத் தொலைச்சு, நகையைத் தொலைச்சு, கடைசியில உசிரையும் விட்டாங்க பாரு, அதுல எனக்கு நக்கல் கிடையாது. ஆனா அந்த வீட்டு அழுகை கோட்டைக்குள்ள போகணும்னா, மொதல்ல பேப்பர்ல வரணும், அப்புறம் எதிர்க்கட்சி வாயில வரணும். நேர்வழி கெடையாது. 2020 நவம்பர்ல அவசரச் சட்டம் வந்துச்சு, 2021 பிப்ரவரில சபையே சட்டமா நிறைவேத்துச்சு. ஊரே கை தட்டுச்சு. கம்பெனிக்காரன் தட்டல, வக்கீலைப் புடிச்சான்.

கோர்ட்டுல எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்துச்சுங்கிறதா பேச்சு? ரம்மி தெறமையா அதிர்ஷ்டமாங்கிறதுதான் பேச்சு. செகந்திராபாத் கிளப் கேஸ் ஒண்ணுல 1968-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு: விழுந்த சீட்டை ஞாபகம் வச்சு, எதை எடுக்க, எதைக் கழிக்கன்னு கணக்குப் போட்டு ஆடுறதால அது பெரும்பாலும் தெறமை ஆட்டம்னு. சூதாட்டம்னா மாநிலம் சட்டம் போடலாம், தெறமைன்னா வில்லங்கம். மந்தையில சீட்டாடுன பயலுகளை ஏட்டு தொரத்துன காலத்துல இது தெரியாமப் போச்சே! நின்னு, "அய்யா, நாங்கல்லாம் தெறமைசாலிக"ன்னு சலாம் போட்டிருப்பானுக. 2021 ஆகஸ்ட்டுல ஹைகோர்ட்டு அந்தச் சட்டத்தை ரத்து பண்ணிருச்சு.

அதுக்குள்ள ஆட்சி மாறிப்போச்சு. புது ஆட்சி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில கமிட்டி போட்டுச்சு. 2022 ஜூன்ல போட்ட கமிட்டி, அதே ஜூன்ல அறிக்கையைக் குடுத்துருச்சு. நம்ம கோயில் கணக்குக் கமிட்டிக்காரங்க கேட்டா மயக்கம் போட்டுருவாங்க.

இனிமேத்தான் ரசிக்கணும். அக்டோபர் 1-ஆம் தேதி மறுபடி அவசரச் சட்டம். கவர்னர் கையெழுத்துப் போட்டாரு. 19-ஆம் தேதி அதுக்குப் பதிலா சபை மசோதா நிறைவேத்தி அனுப்புச்சு. அவசரச் சட்டத்துல ஓடுன பேனா மசோதாவுல ஓடல. சபை கூடி ஆறு வாரம் ஆனா அவசரச் சட்டத்துக்கு ஆயுசு முடிஞ்சிரும். நவம்பர் கடைசியில அதுவும் முடிஞ்சிருச்சு. 2023 மார்ச்சுல மசோதா திரும்பி வந்துச்சு, இதைப் போட சபைக்கு அதிகாரமே இல்லைன்னு. அக்டோபர்ல இருந்த அதிகாரம் மார்ச்சுல எங்க போச்சுன்னு கேக்காத, பெரிய எடத்து சமாச்சாரம். மார்ச் 23-ல சபை திரும்பவும் நிறைவேத்துச்சு. ரெண்டாந்தரம் வந்த மசோதாவை நிறுத்தி வைக்க முடியாதுன்னு அரசியல் சாசனம் 200-ஆம் பிரிவு சொல்லுது. ஏப்ரல் 10-ல, கவர்னர்களுக்குக் காலக்கெடு வைங்கன்னு சபையில தீர்மானம். அன்னைக்கே ஒப்புதல் குடுத்த சேதி வந்துச்சு. எதேச்சையா இருக்கும்டா.

முடிஞ்சுச்சா? நவம்பர்ல ஹைகோர்ட்டு சொல்லுச்சு: சட்டம் செல்லும், ஆனா ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது. கல்யாணம் செல்லும், மாப்பிள்ளை மட்டும் செல்லாதுங்கிற மாதிரி.

அப்புறம் டெல்லி முழிச்சுச்சு. 2025 ஆகஸ்ட் 20 லோக்சபா, 21 ராஜ்யசபா, 22 ஜனாதிபதி கையெழுத்து. தெறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆன்லைன்ல ஆடுனா தடை. நமக்கு வருசக்கணக்கா ஆனது அவங்களுக்கு மூணே நாளு. கூச்சலுக்கு நடுவுல குரல் ஓட்டு எடுத்தா வேகமாத்தான் நடக்கும். யாரு என்ன கேட்டாங்கன்னு யாருக்குக் கேக்கப் போவுது? கம்பெனிக்காரன் அதை எதிர்த்தும் கோர்ட்டுக்குப் போயிட்டான். வக்கீல் வீட்டுல மட்டும் ஒரு நாளும் அடுப்பு அணையல.

சரி, உன் மனுவைக் காட்டு. கடன் ஆப்பை ஒழிக்கணுமா? நல்லது. மூணு பக்கத்துக்குக் கண்ணீர் இருக்கு. கடன் ஆப்புன்னா எதுன்னு ஒரு வரி இருக்கா? மகளிர் குழுக் கடனுக்கும் இப்ப போன்லதான் தவணை கட்டுறா உங்க அத்தை. ஒரு வக்கீல் எந்திரிச்சு இதுவும் கடன் ஆப்புதானேன்னு கேட்டா என்ன சொல்லுவ? அந்த ஒரு வரியை மொதல்ல எழுது, கண்ணீரை அப்புறம் ஊத்தலாம்.

யாருக்குக் குடுக்கப் போற? வட்டிக்கடைன்னா மாநிலம், பேங்குன்னா டெல்லி. உன் ஆப்பு ரெண்டுக்கும் நடு வரப்புல குந்தியிருக்கு. மேல "மாண்புமிகு"ங்கிறதை மட்டும் பேனாவுல எழுது மாப்ள, பேரைப் பென்சில்ல எழுது.