சிறுத்தையின் வால்

இராசேந்திர சோழன் படை ஈழத்துக்குப் போய் அந்நாட்டு மன்னன் ஐந்தாம் மகிந்தனையே பிடித்துவந்தது. இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்திலிருந்து இன்று போகிறவர்கள் அதே ஈழத்தின் யாலா காட்டில் சிறுத்தையின் வாலைப் பிடித்துவருகிறார்கள், செல்பேசியில். அதுவும் பாதி வால். மீதியை முன்னால் நின்ற ஜீப் மறைத்துவிட்டதாம். “சத்தம் போடாதீங்க” என்று வழிகாட்டி சத்தமாகச் சொன்னாராம்.

கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்கு, இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. விசா கிடையாது, ஓட்டல் காலைச் சிற்றுண்டியும் கிடையாது. 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏரி ஏறிவிட்டது. பார்த்தீர்களா என்று யாலா யாத்ரீகர் ஒருவரைக் கேட்டேன்.

“நம்ம ஏரிதானே சார், எங்க போயிடப் போவுது?”

கோடையில் வாத்து போய்விடுமே என்றேன்.

“அப்ப தண்ணியும்தான் போயிடும்” என்றார்.