கொல்லன் தெருவில் புளியங்கொட்டை

வா தம்பி, உக்காரு. அது என்ன பெட்டி? திறந்து காட்டு பாப்போம். அடடே! புளியங்கொட்டை ஒரு பொட்டலம், காஞ்ச அரசிலை நாலு, கூழாங்கல்லு ஒரு பை, தேங்கா நாரு கொஞ்சம். மேல 'இயற்கைக் கலைப் பெட்டி'ன்னு அச்சடிச்சிருக்கான். பிளாஸ்டிக்கச் சுத்திக்கிட்டு லாரி ஏறி வந்திருக்கு இயற்கை! ஏன்டா, நேத்துதான உங்க ஆத்தா முத்தத்துல உக்காந்து புளிக்குக் கொட்டை எடுத்தா? அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில கொட்டுனது யாரு? கொல்லன் தெருவுல ஊசி விக்கிறவன நான் கண்டிருக்கேன். காசு குடுத்து அதை வாங்குற கொல்லன இப்பத்தான் பாக்கேன்.

கொலாஜ்னு சொல்லுத, கண்டதையும் ஒட்டிச் செய்யுற படம். சரிதான். எம் பேத்தி காலேஜுல ஓவியம் படிக்கா, அவ சொன்னா. 1912-ல பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடிச்ச மெழுகுத்துணிய ஓவியத்துல ஒட்டி, சுத்திலும் கயித்தைக் கட்டி வச்சாராம். அவரு எந்தப் பெட்டி வாங்குனாரு? அதுக்கும் முந்தி இங்கிலாந்துல மேரி டெலானின்னு ஒரு பாட்டி. எழுபது தாண்டுன பெறகு கத்திரியக் கையில எடுத்து, கலர்த்தாள்ல பூவு பூவா வெட்டி ஒட்டுனா. ஆயிரத்துக்குக் கொஞ்சந்தான் கம்மி. சிலதுல நெசமான இலையவே சேத்து ஒட்டியிருக்கா. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல பத்திரமா வச்சிருக்காக.

நம்ம ஊர்ல நடக்கிறது வேற கூத்து. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல 'கிராமத்து வீடு ஒட்டிட்டு வா'ன்னு சொல்லுவாக. ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளை கொறட்டை விடும். அம்மாக்காரி பசைத் துப்பாக்கியும் கையுமா கூரை மேய்வா. அப்பன் பக்கத்துல நின்னு, 'சன்னல் கோணலா இருக்கு'ன்னு இஞ்சினியர் வேலை பாப்பான். விடிஞ்சா டீச்சர் நட்சத்திரம் போடுவாக. அம்மா அதை ஸ்டேட்டஸ்ல போடுவா. பிள்ளை என்ன பண்ணுச்சு? பஸ்ஸுல சுமந்துட்டுப் போச்சு. அந்த நட்சத்திரம் யாருக்குடா?

கேக்கவா வந்த? கேளு. பசைக்குக் கடைக்கு ஓடாத. தாளு ஒட்டச் சோத்துப் பருக்கை போதும். அட்டைக்குன்னா, பச்சத்தண்ணியில மைதாவக் கட்டியில்லாம கரைச்சு, அடுப்புல வச்சுக் கிண்டு. கண்ணாடி மினுமினுப்பு வந்ததும் இறக்கு. சுவரொட்டிப் பசையில போடுற மயில்துத்தத்தை மட்டும் இதுல போட்டுறாத, அது விஷம். சின்னதுக விரலை வாயில வைக்கும்.

பச்சை இலைய அப்படியே ஒட்டுனா மறுநாளே சுருண்டுக்கிடும், இல்லைன்னா பூசணம் பூக்கும். பழைய பேப்பருக்கு நடுவுல வச்சு, மேல அம்மிக்கல்லோ அரிசி மூட்டையோ ஏத்து. ஒரு வாரம் கிடக்கட்டும். முட்டை ஓட்டைக் கழுவி, உள்ள இருக்கிற சவ்வ உரிச்சுட்டுக் காயவை. அதை நொறுக்குறதப் பிள்ளைககிட்ட விடு. அந்த மொறுமொறுச் சத்தத்துக்குன்னே வீடே கூடிரும். ஓட்டை நெருக்கி ஒட்டுனா வெடிச்ச கரிசல் மண்ணு வந்துரும். வெங்காயத் தோலு, வளையல் அட்டை, கல்யாணப் பத்திரிகை, பென்சில் சீவுன சுருளு, தையக்காரன் வெட்டிப் போட்ட துணி... இன்னும் சொல்லணுமா?

பருப்பு ஒட்டணும்னா வண்டு விழுந்ததா எடு, நல்ல பருப்பு கொழம்புக்கு. படத்தை எலி எட்டாத இடத்துல மாட்டு, சோத்துப் பசைன்னா அதுக்கு விருந்து. குண்டுமணி பாக்க அழகுதான், ஆனா கடிச்சு முழுங்குனா உசுருக்கே ஆபத்து. அது கிட்டவே வரக்கூடாது. மூணு வயசுக்குக் கீழ உள்ளதுக கையில கொட்டையும் குடுக்காத, கூழாங்கல்லும் குடுக்காத. மூக்குல திணிச்சுக்கிட்டு வந்து நிக்கும்.

எல்லாம் எடுத்து வச்சியா? இப்பத் திண்ணைக்குப் போய் வெத்தலையப் போடு. 'இங்க ஒட்டு, அங்க ஒட்டாத'ன்னு வாயத் தொறக்காத. ஆட்டுக்கு அஞ்சு கால் வந்தா வரட்டும், உனக்கென்ன? முடிச்சுக் கொண்டாந்து காட்டுனா, 'இது என்னது'ன்னு மட்டும் கேட்டுறாத. அது நீயாவும் இருக்கலாம்.