ரயிலேறி வந்த விருந்தாளி

சென்னையில் தண்ணீர் ஒன்று வாசற்படி ஏறி வரும், இல்லையென்றால் லாரியேறி வரும். 2015 டிசம்பரில் அது யாரும் கூப்பிடாமலே வீடு புகுந்து கட்டிலில் ஏறிப் படுத்தது. 2019 ஜூனிலோ பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் தரை தெரியக் காய்ந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வில்லிவாக்கத்தில் வந்திறங்கியது தண்ணீர். அமைச்சர், கேமராக்கள் என்று வரவேற்புக்குக் குறைவில்லை. வந்தது 25 லட்சம் லிட்டர். அந்த வறட்சியிலும் நகரத்துக்கு நாளொன்றுக்கு விநியோகமானது 50 கோடி லிட்டருக்கு மேல். அதாவது இருநூறில் ஒரு பங்குக்குத்தான் அத்தனை மேளதாளம்.

தூரத்துத் தண்ணீர்மேல் நமக்கு எப்போதும் ஒரு மயக்கம். கிருஷ்ணா நீருக்கு 1983-இல் ஒப்பந்தம் போட்டு 1996-இல் கண்ணால் பார்த்தோம். வீராணத்திலிருந்து 2004-இல் குழாய் வந்தது. பிறகு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடலையே காய்ச்சாத குறையாக உப்பெடுத்துக் குடிக்கிறோம். வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் தலைக்கு மேலே கொட்டுவதை மட்டும் மழைநீர் வடிகால் வழியே மரியாதையாகக் கடலுக்கு அனுப்பிவைத்துவிட்டு, அங்கிருந்து மின்சாரம் செலவழித்துத் திரும்ப அழைத்து வருகிறோமே, அந்த உபசாரம் வேறெந்த ஊரில் நடக்கும்?

மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. குழாய் இல்லாத கட்டடம் குறைவு. அந்தக் குழாய் தொட்டியில் முடிகிறதா, தெருவில் முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.