பயத்தை விரட்டப் போன பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, தீவாளிக்கு வந்தவன் ராத்திரி பூரா லயத்து வாசல்ல உலாத்துறே? டயகமக் குளிருக்கு நாயே அடுப்படியை விட்டு வரமாட்டேங்குது. கேட்டா, கொழும்புக் கடை முதலாளிகிட்ட பாக்கிச் சம்பளம் கேக்கப் பயமாம். முதல்ல அந்தப் பயத்தை விரட்டணுமாம். விரட்டு, விரட்டு. நீ விரட்டி முடிக்கிறதுக்குள்ள அந்தக் காசுல அவரு மக கல்யாணத்தையே முடிச்சிருவாரு.

போன்ல நீதானே படிச்சுக் காட்டினே? 1987ல வெக்னர்னு ஒருத்தர் படிக்கிற புள்ளைகளை உக்கார வச்சு, வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீங்க, நினைச்சா மணி அடிங்கன்னாராம். மணிச்சத்தம் ஓயலையாம். இங்கே கரடிக்கு எங்கே போறது? சிறுத்தையை நினைக்காம மேல் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன்னு உங்கம்மாகிட்ட சொல்லிப் பாரு, வாங்கிக் கட்டிக்குவே.

அந்த ஸ்டீவன் ஹேய்ஸ் கதை இன்னும் சோக்கு. மனசைப் பத்திப் பாடம் நடத்துற வாத்தியாரு, 1978ல ஒரு கூட்டத்துல பேசப் போயி, நெஞ்சு படபடத்து வாயடைச்சு நின்னாராம். பயத்தோட மல்லுக்கட்டித் தோத்த பிறகுதான், அந்த மல்லுக்கட்டே நோவுன்னு புரிஞ்சுது. 1999ல கூட்டாளிகளோட ஏற்புச் சிகிச்சைக்குப் புத்தகமே போட்டாரு. அவருக்கு முந்தினவங்க கெட்ட நினைப்பை எதிர்த்து வாதாடி மாத்தச் சொன்னாங்க. இவரு, அது கிடந்துட்டுப் போகட்டும், நீ போற காரியத்தைப் பாருங்கிறாரு. பஸ்ஸுக்குள்ள சனம் கத்துதுன்னு ஒவ்வொருத்தனா இறக்கிவிட நிப்பாட்டினா, டிரைவர் என்னைக்குத் தலவாக்கலை போய்ச் சேருறது?

உனக்கு மட்டும்தான் கோணல் நினைப்பு வருதுன்னு பெருமைப்படாதே. மனசை ஆராய்ஞ்ச நம்ம தீவுக்காரர் பத்மல் டி சில்வாவும் ராக்மன்னு ஒருத்தரும் லண்டன்ல 1978லயே விசாரிச்சுட்டாங்க. நோயில்லாத சனத்துலயும் அஞ்சுல நாலு பேருக்கு வேண்டாத நினைப்பு வருதாம், அதுவும் நோயாளிக்கு வர்ற அதே சரக்கு. கூட்டத்துல ஒருத்தன்டா நீ.

இந்த 'ஏத்துக்கோ'ங்கிற பேச்சு மட்டும் தோட்டத்துத் தொரைமார் காதுல விழுந்திடப்படாது. 2021ல நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆகிறதுக்குள்ள எத்தனை வருசம் தொண்டை கிழியக் கத்தினோம்! ஏத்துக்கச் சொன்னது உன் நெஞ்சுப் படபடப்பைத்தான். முதலாளி அமுக்கி வச்ச பாக்கியை எந்த வைத்தியனும் ஏத்துக்கச் சொல்லலை.

நாளைக்கே கிளம்பு. கால் நடுங்கினா நடுங்கிக்கிட்டே போ, நாக்குக் குழறினா குழறிக்கிட்டே கேளு. குடுத்தாருன்னா எனக்கு ஒரு கட்டுச் சுருட்டு. கையை விரிச்சாருன்னா நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கு பஸ் ஏறு. சுருட்டை நான் கடனாவே வாங்கிக்கிறேன், உன் பேர்ல.